கவ்வாத்து மலையும் அம்மாவின் கைகளும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அம்மா, நாங்கள் தண்ணீர் எடுக்கும் பீலிக்கரைப் படியில் விழுந்தார். அன்று மழை இல்லை, படி காய்ந்துதான் இருந்தது. தலைசுற்றலும் இல்லை. கையில் அரை வாளித் தண்ணீர். மூன்றாவது படியில் காலைத் தூக்கி வைத்திருக்கிறார். உடம்பை மேலே தள்ளத் தொடையில் பலம் போதவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். எலும்பு முறியாதது நாங்கள் செய்த புண்ணியம். கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் வயதைக் கேட்டார்கள். 67 என்றேன். “வயசாச்சுதானே, இனி இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, வலி மாத்திரை எழுதித் தந்து அனுப்பினார்கள்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். மூப்பு என்றால் என்ன என்று கேட்டால் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தெரியும். ஆனால் பெற்ற தாய் படியேற முடியாமல் விழுந்து கிடந்தபோது நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டு நின்றேன்: வயசாச்சு. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. தேடினால் என்ன கிடைக்கிறது என்று இந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் கண்டுகொண்டேன். அதை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

அம்மா விழுந்த அதே கிழமையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேல்மலையில் கவ்வாத்து நடந்தது. தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கிள்ளிக் கிள்ளித்தான் அதை இடுப்பளவுச் செடியாக வைத்திருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு கொழுந்தெடுப்புக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உயரும். நாலைந்து வருடம் போனால் கிளைகள் நெருங்கி, கொழுந்து குறைந்து, முற்றல் இலை கூடிவிடும். அப்போது கத்தி எடுத்து ஏறக்குறைய முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பச்சைப் பசேலென்று இருந்த மலை ஒரே நாளில் சுடுகாடு மாதிரி ஆகிவிடும். மூச்சு விடட்டும் என்று சில இடங்களில் செடிக்கு ஓரிரு இலைக் கிளையை மட்டும் விட்டு வைப்பதுண்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் கட்டையிலிருந்து இளந்துளிர் சீவிக்கொண்டு வரும்.

அப்பா கவ்வாத்துக்காரர். மலையில் அவர் வெட்டிய செடியைத் தனியாக அடையாளம் சொல்லலாம். வெட்டு அவ்வளவு வழவழப்பாக, ஒரே சாய்வாக இருக்கும். அவர் அடிக்கடி சொன்ன ஒரு பேச்சு எனக்கு ஞாபகம்: “வேர்ல சத்து இருந்தா வரும் புள்ள. இல்லாட்டி குச்சிதான் மிஞ்சும்.” அது அனுபவப் பேச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன், 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதையே சொல்கிறார்கள். கவ்வாத்துக்கு முன்னால் பென்சில் தடிப்பில் ஒரு வேரை வெட்டி, அதில் அயடீன் விட்டுப் பார்க்க வேண்டும். கருநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஏனென்றால் இலை முழுவதையும் இழந்த செடி, வேரில் சேமித்ததைத் தின்றுதான் புதுத்துளிர் விட வேண்டும்.

இதை ஒருநாள் இரவு அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “செடிக்கு பாத்தாய்ங்க, சரி. பிள்ள பெத்து மூணு மாசத்துல மலைக்கு அனுப்புனப்ப எங்களுக்கு யாரு பாத்தா?” என்னிடம் பதில் இல்லை.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் காலத்தில் விதையிலிருந்து முளைத்த செடிகள் இன்றும் பல தோட்டங்களில் கொழுந்து தருகின்றன. நூறு வயது கடந்த செடி, நேற்று பிறந்த மாதிரித் துளிர் விடுகிறது. அதில் கொழுந்து எடுத்தவர்கள் நாலு தலைமுறையாக வந்து, வளைந்து, போய்விட்டார்கள். சின்ன வயதில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. செடிக்கு மட்டும் எப்படி முடிகிறது?

செடியின் கிளை நுனிகளிலும் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலும் பிரியிழையம் இருக்கிறது. அங்குள்ள கலங்கள் முடிவில்லாமல் பிரிந்துகொண்டே போகக்கூடியவை. கிளையாகவும் இலையாகவும் பூவாகவும் அவையே மாறும். நுனி உயிரோடு இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஒட்சின் என்ற ஓமோன் கீழ் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்டினால் உறங்கியவை விழித்துக்கொள்ளும். கவ்வாத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய டிஆர்ஐ 2025 என்ற இனத்தைப் பாருங்கள்: ஒரே தாய்ச் செடியின் துண்டுகளே ஊரெல்லாம் மலைமலையாக நிற்கின்றன. அதற்கு எத்தனை வயது என்று கேட்டால் எதைச் சொல்வது? தேயிலைச் செடியும் சாகும்தான். கறையான் அரிக்கும், தண்டு உளுக்கும், வேர் அழுகும். ஆனால் உடம்பு முழுக்க ஒரேயடியாக மூப்படைவதில்லை.

நம் உடம்பின் ஏற்பாடு வேறு. அடுத்த தலைமுறைக்குப் போகும் கலங்கள் கருவிலேயே தனியாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. மற்றதெல்லாம், அதாவது கை, கால், கண், மூளை எல்லாம், இந்த ஒரு ஆயுளுக்கான சாமான். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அலெக்சிஸ் கரேல் என்ற விஞ்ஞானி, கோழிக் குஞ்சின் இதயக் கலங்களைப் பல வருடங்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துக் காட்டி, கலங்களுக்குச் சாவே இல்லை என்று உலகத்தை நம்ப வைத்திருந்தார். 1961இல் லெனார்ட் ஹேஃபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் அதைப் பொய்யாக்கினார்கள். மனிதக் கருவின் கலங்கள் ஏறக்குறைய 50 தடவை பிரிந்து, பிறகு நின்றுவிட்டன. நடுவில் உறைய வைத்து எடுத்தாலும், எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தன. நிறமூர்த்தங்களின் முனையில் உள்ள காப்புப் பகுதி ஒவ்வொரு பிரிவுக்கும் தேய்வதுதான் அந்தக் கணக்கு என்பது பின்னாலே தெரியவந்தது. அந்த முனைகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிவதை நிறுத்திய கலங்கள் செத்துப் போய்விட்டாலும் பரவாயில்லை. அவை உயிரோடு கிடந்து, அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கசியவிட்டு, பக்கத்துக் கலங்களையும் கெடுக்கின்றன. எலிகளில் அப்படிப்பட்ட கலங்களை நீக்கியபோது முதுமைக் கோளாறுகள் சில தள்ளிப்போனதை 2011இல் அமெரிக்காவில் காட்டினார்கள். மனிதர்களுக்கு அது மருந்தாக வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது.

நான் மிகவும் மதிக்கும் விளக்கம் தொமஸ் கர்க்வுட் 1977இல் சொன்னது. உடம்புக்குக் கிடைக்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. அதைப் பிள்ளை பெறுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் பங்கு போட வேண்டும். பூனைக்கும் பாம்புக்கும் இரையாகிச் சீக்கிரமே சாகிற எலிக்கு, பத்து வருடம் தாங்கும் பழுதுபார்ப்பு வீண்செலவு. அதனால் அது இரண்டு மூன்று வருடத்தில் கிழண்டு போகிறது. எலியை விடச் சின்ன ஒரு சைபீரிய வௌவால், ஏழு கிராம் எடைதான், 41 வருடம் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. பறந்து தப்பக்கூடிய உயிருக்குப் பழுதுபார்ப்பில் முதல் போடுவது இலாபம். எனவே மூப்பு என்பது வருடக் கணக்கு மட்டும் அன்று. ஒரு பக்கம் சேதம் ஏறுகிறது, மறுபக்கம் பழுதுபார்ப்பு நடக்கிறது. இரண்டுக்கும் இடையில் மிஞ்சி நிற்கும் கடன்தான் மூப்பு.

இந்தக் கடனை நான் அம்மாவின் கையில் கண்ணால் பார்த்தேன். அடிபட்ட முழங்கைக்கு மருந்து கட்டச் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். மேற்கையின் உட்பக்கம் சின்னப் பிள்ளையின் தோல் மாதிரி மெத்தென்று, ஒரே நிறமாக இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கவ்வாத்துக் கட்டையின் பட்டை போல வெடித்து, கறுத்து, விரல் ரேகைகளுக்குள் தேயிலைக் கறை ஏறிக் கிடந்தது. மலைக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடமாகியும் அந்தக் கறையின் நிழல் போகவில்லை. இரண்டு தோலுக்கும் ஒரே வயது, 67. ஒன்று வெயிலே படாதது. மற்றது நாற்பது வருடம் வெயிலில் நின்றது. ஆயிரம் மீற்றர் உயரத்துக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் பத்து வீத அளவில் கூடும். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றரில். குளிராக இருப்பதால் வெயில் சுடாது, சுடாததால் யாரும் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை.

தோலில் தெரிகிறது. நெஞ்சுக்குள் நடந்தது தெரியவில்லை. அப்பா வெட்டிய செடிகளின் மிலாறை, அதாவது வெட்டி விழுந்த குச்சிகளைத்தான், அம்மா தலையில் சுமந்துவந்து அடுப்பெரித்தார். கவ்வாத்து மிலாறு நன்றாக எரியும். எங்கள் லயத்தில் அதற்குச் சண்டையே நடக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, புகைபோக்கி இல்லாத அடுப்பு, காலை நாலு மணிக்குச் சாயத்தண்ணியும் ரொட்டியும் போடக் குனிந்து ஊதுகிற ஊதல். விறகுப் புகை நுரையீரலின் மூச்சுக்குழல்களைப் படிப்படியாகக் கெடுத்து, புகைத்தலே அறியாத பெண்களையும் மூச்சிரைக்க வைக்கும். செடியைப் புதுப்பித்த வெட்டு அம்மாவின் மூச்சைப் பழசாக்கியது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

பட்டினியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று கைப்பேசியில் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. 1935இல் கிளைவ் மெக்கே கோர்னெல் பல்கலைக்கழகத்தில், கலோரியைக் குறைத்து வளர்த்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததைக் காட்டினார். காரணம் வெகுகாலம் கழித்தே தெளிவானது. உணவு குறையும்போது கலம் தன் பழுதான உறுப்புகளையே சுற்றி மூடிக் கரைத்து மீண்டும் பயன்படுத்துகிறது. யொஷினோரி ஓசுமி மதுவத்தில் அந்த வேலையை ஆராய்ந்து 2016இல் நோபல் பரிசு பெற்றார். உணவு நிறைய இருக்கிறது, கட்டு, வளர் என்று கலத்துக்கு ஆணையிடும் ஒரு புரதம் இருக்கிறது. அதை அடக்கும் ரபாமைசின் என்ற மருந்து, ராப்பா நூயி தீவிலிருந்து 1964இல் எடுத்த மண்ணில் வாழ்ந்த பற்றீரியத்தில் கிடைத்தது. 2009இல், மனித வயதுக்கு அறுபது என்று சொல்லத்தக்க 600 நாள் எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது பெண் எலிகளின் ஆயுள் 14 வீதமும் ஆண் எலிகளின் ஆயுள் 9 வீதமும் கூடியது. கிழட்டு வயதில் தொடங்கியும் பலன் கிடைத்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி. ஆனால் அது சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கிற மருந்து. சுகமாக இருப்பவர் வாங்கி விழுங்குகிற சாமான் அல்ல.

மெக்கேயின் எலிகளுக்குக் கலோரிதான் குறைந்தது. விற்றமினும் கனியுப்பும் குறையாமல் கொடுத்தார்கள். 1974ஆம் ஆண்டு எங்கள் தோட்டங்களில் நடந்தது அது இல்லை. அம்மாவுக்கு அப்போது 16 வயது. மா இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கும் காட்டுக் கீரையும் தின்ற கதையை இன்றும் சொல்லுவார். அந்த வருடம் தோட்டப்புறத்தில் சாவு வீதம் ஏறியது அரசாங்கப் பதிவிலேயே இருக்கிறது. பெரியம்மா வயிற்றில் அப்போது அண்ணன். கைக்குள் அடங்குகிற பிள்ளையாகப் பிறந்தார். 38 வயதில் சீனி வருத்தம் வந்தது, 45இல் நெஞ்சு வலி. அண்ணன் ஒருவரைப் பற்றி இதனால்தான் அது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நெதர்லாந்தில், 1944 முடிவிலும் 45 தொடக்கத்திலும் ஜெர்மன் படை உணவை மறித்த குளிர்காலத்தில் கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களின் உடம்பு குளுக்கோசைக் கையாளத் தடுமாறியது. அறுபது வருடம் கழித்தும், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவின் மேல் ஒட்டும் இரசாயனக் குறிகள், பஞ்சத்தில் சிக்காத அவர்களின் உடன்பிறப்புகளிடமிருந்து மாறுபட்டிருந்தன. மூப்பின் கணக்கு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் இன்றும் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் பங்கு நாட்டின் சராசரியை விடக் கூடுதல். ஆயுளை நீட்டும் மருந்தைப் பற்றிப் பேசுகிற நாம், கர்ப்பிணிப் பெண்ணின் தட்டில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, 67 வயதில் விழுந்தவருக்கு என்ன செய்வது?

என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவர். செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு கருவியை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, “முடிஞ்ச மட்டும் அமுத்துங்க அம்மா” என்றார். முள் 11 கிலோவில் நின்றது. ஆசியப் பெண்களுக்கு 18க்குக் கீழே இறங்கினால் தசை பலமிழந்திருக்கிறது என்று பொருள். பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். 12 செக்கனுக்குள் முடிய வேண்டியது. அம்மாவுக்கு 21 செக்கன் ஆனது. மூன்றாவதிலேயே மூச்சு வாங்கியது. பீலிக்கரையில் அவரைத் தள்ளியது எது என்பது அங்கே தெரிந்தது.

கைப்பிடி பெரிய விஷயமா என்று கேட்கலாம். 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், யார் முந்திச் சாவார் என்பதை இரத்த அழுத்தத்தை விடக் கைப்பிடியின் பலம் நன்றாகக் காட்டியது. கை அங்கே ஓர் அடையாளம்தான். அது சொல்வது முழு உடம்பின் தசையை. நாற்பது வருடம் உழைத்த உடம்பில் தசை எப்படிக் குறையும் என்றும் கேட்டேன். தம்பி பொறுமையாகச் சொன்னார்: கொழுந்து பறிப்பது விரல் நுனி வேலை, மலை ஏறியதுதான் காலுக்கு வேலை; தோட்டப் பதிவில் பேர் வெட்டிய பிறகு அம்மா பத்து வருடமாக மலை ஏறவில்லை. அதோடு சாப்பாடு. காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோறும் ஒரு கீரையும், இரவில் மறுபடி ரொட்டி. 41 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். அம்மா அதில் பாதிகூட எடுக்கவில்லை. நல்லதைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகிய கை அது.

1990இல் பொஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையான 10 பேருக்குக் கால் பலத்துக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே கிழமை. காலின் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். இதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தொண்ணூறு வயதுத் தசைக்கும் பழுது பார்க்கத் தெரிகிறது. பட்டைக்கு அடியில் மொட்டு உறங்குகிற மாதிரி, தசை நாரின் ஓரத்திலும் புதுப்பிக்கும் கலங்கள் காத்துக் கிடக்கின்றன. பாரம் என்ற சேதியும் புரதம் என்ற சத்தும் சேர்ந்து வரவேண்டும். ஒன்று மட்டும் வந்தால் போதாது. வேர்ல சத்து இருந்தா வரும் என்று அப்பா சொன்னதுதான்.

அம்மாவுக்கு நாங்கள் செய்தது இவ்வளவு. ஒன்றுவிட்ட ஒருநாள், சுவரோரம் நாற்காலியைப் போட்டு, பத்துத் தடவை எழும்பி உட்காருதல். முடியாதபோது நிறுத்தி மறுபடி பத்து. தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டைத் தோளுக்கு மேலே தூக்குதல். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். தினமும் ஒரு முட்டை, மதியத்துக்கு நெத்தலி, பருப்பு தடிப்பாக. வெள்ளிக்கிழமை விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார். அன்றைக்குப் பயறு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுக்கிறோம். மெலிந்த கிழவர்கள் வெறும் வயிற்றில் கிடந்தால் உடம்பு தசையையும் தின்னும் என்று விளக்கிச் சொன்னதும் சம்மதித்தார். சமையலைக் காஸ் அடுப்புக்கு மாற்றியாயிற்று. குளிக்கும் தண்ணீருக்கு மட்டும் வெளியே மிலாறு எரிகிறது. வெற்றிலையில் புகையிலையை விட்டுவிட்டார். பாக்கும் வாய்ப் புற்றுக்கு வழி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னும் இறங்கி வரவில்லை. பீலிக்கரையில் என் தம்பி ஒரு இரும்புக் குழாயைப் பிடிமானமாக அடித்துக் கொடுத்தான். லயத்தில் எல்லாக் கிழவிகளும் இப்போது அதைத்தான் பிடித்து ஏறுகிறார்கள்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. “இது என்னா ஸ்கூல் டிரில்லு மாதிரி” என்று சலித்துக்கொண்டார். இரண்டாம் மாதம் முழங்கால் வலி என்று ஒரு கிழமை விட்டார். ஐப்பசி முடிவில் கருவி 14 கிலோ காட்டியது. நாற்காலிக் கணக்கு 15 செக்கன். இரண்டும் இன்னும் வேண்டிய அளவை எட்டவில்லை. ஆனால் தீபாவளிக்கு முதல் நாள், மேல்மலையில் துளிர் விட்டிருப்பதாக யாரோ சொல்ல, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பின்னாலேயே போனேன். இரண்டு இடத்தில் நின்றார், உட்காரவில்லை. கட்டையெல்லாம் இளம்பச்சையாக நிமிர்ந்து நின்றது. ஒரு செடிக்குப் பக்கத்தில் குனிந்து, துளிரைக் கிள்ளாமல், இலையை விலக்கி வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“உங்கப்பா வெட்டியிருந்தா இப்புடி பிசிறு விழாது” என்றார்.

நேற்று விடியற்காலை எழும்பி அடுப்படிக்குப் போனால், பெரிய சட்டியில் ரொட்டிக்கு மா பிசைந்து மூடி வைத்திருந்தது. மூன்று வருடமாக அந்த வேலை என்னுடையது. கையில் பிடியில்லை என்று அவர் விட்டிருந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அந்த தம்பி மெசின எப்ப புள்ள கொண்டாருவாரு?” என்று கேட்டார்.